மண்டையோடு பேரினத்தைத்தான் சொல்லும், இனத்தைச் சொல்லாது

மார்பின் முதுகுப்புறத்தில் மண்டையோடு வரைந்தாற்போன்ற பெரிய அந்துப்பூச்சி விளக்கடியில் உட்கார்ந்திருந்தால், அதன் பேரினத்தைச் சொல்ல நிபுணர் வேண்டாம்: அக்கெரோன்ஷியா. சிக்கல் அடுத்த படியில்தான். இந்தப் பேரினத்தில் இனங்கள் மூன்றே. அட்ரோபோஸ் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்காசியாவைச் சேர்ந்தது. நம் பக்கம் வராது. ஸ்டிக்ஸும் லாக்கெசிஸும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கின்றன. மண்டையோடு இரண்டுக்கும் பொது. அதை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதால்தான் இணையத்தில் இவ்விரண்டின் படங்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

குடும்பத்தில் தவறு வர வாய்ப்பு குறைவு. தடித்த உடல், நீண்டு குறுகிய முன்னிறக்கை, நுனி வளைந்த உணர்கொம்பு, புழுவின் வால்பக்கத்தில் ஒற்றைக் கொம்பு எல்லாம் பருந்து அந்துப்பூச்சிகளின் அடையாளம். அந்தக் குடும்பத்துக்குள் அக்கெரோன்ஷியாவைத் தனித்துக் காட்டுவது உறிஞ்சுகுழல். பூவில் தேன் குடிக்கும் உறவுப்பூச்சிகள் பலவற்றுக்கு அது உடல் நீளத்தையே தாண்டும். இதற்கோ குட்டையாக, தடிமனாக இருக்கும். இந்தியத் தேனீயின் கூட்டுக்குள் புகுந்து மெழுகு மூடியைக் குத்தித் தேன் உறிஞ்ச அதுவே தோது. கையில் பிடித்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். தொண்டைக்குள் காற்றை இழுக்கும்போது அங்குள்ள சிறு மடல் அதிர்ந்து எழும் ஒலி அது. இதுவும் பேரினத்துக்கே பொது, இனத்தைப் பிரிக்க உதவாது.

இனத்தைச் சொல்வது பின்னிறக்கை. லாக்கெசிஸின் பின்னிறக்கையில், உடலோடு ஒட்டும் அடிப்பகுதியிலேயே பெரிய கருந்திட்டு இருக்கும். அதற்கு வெளியே மஞ்சள், பிறகு கரும்பட்டைகள். ஸ்டிக்ஸில் அடிப்பகுதி சுத்த மஞ்சள். இரண்டு கரும்பட்டைகள் வெளிப்பக்கம் தள்ளித்தான் ஓடும். அடுத்தது வயிறு. லாக்கெசிஸின் வயிற்றில் கருவளையங்கள் அகலமாகி மஞ்சளை ஒடுக்கிவிடும். ஸ்டிக்ஸில் வளையங்கள் ஒல்லி, மஞ்சள் தாராளம். பூச்சியைத் திருப்பிப் பாருங்கள்: லாக்கெசிஸின் அடிவயிற்றிலும் குறுக்கே கரும்பட்டைகள் ஓடும், ஸ்டிக்ஸில் பெரும்பாலும் இராது.

இந்த அடையாளங்கள் எல்லாமே உட்கார்ந்திருக்கும் பூச்சியில் மறைந்திருக்கும் என்பதுதான் தொல்லை. முன்னிறக்கைகள் கூரை போல மூடிக்கொள்கின்றன. ஆகவே மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தால் போதாது. மெல்லிய தூரிகையால் ஒரு முன்னிறக்கையின் பின்விளிம்பை மெதுவாக முன்னோக்கித் தள்ளி, பின்னிறக்கையின் அடிப்பகுதி தெரியும்படி ஒரு படம். பக்கவாட்டில் வயிற்றுக்கு ஒன்று. கண்ணாடிச் சாடிக்குள் விட்டு அடியிலிருந்து ஒன்று. விரலால் இறக்கையைப் பிடிக்காதீர்கள், செதில்கள் கையோடு வந்துவிடும்.

அளவை வைத்து முடிவுகட்டுவது இன்னொரு பொறி. லாக்கெசிஸ் பெரிது, இறக்கை விரிப்பு 100 மில்லிமீட்டரைத் தாண்டும் என்பது சரியே. ஆனால் புழுப் பருவத்தில் தீனி குறைந்த லாக்கெசிஸ் சிறுத்துப் பிறக்கும். நன்றாகத் தின்ற ஸ்டிக்ஸ் அதைவிடப் பெரிதாகவே இருக்கலாம். தீவனச் செடியும் கைகொடுக்காது. எள் வயலில் கிடைத்தது ஸ்டிக்ஸ் என்று எண்ணத் தோன்றும், எள்ளைத் தாக்கும் பூச்சியாக அது பெயர் பெற்றது. ஆனால் கத்தரிக் குடும்பச் செடிகள் உட்படப் பலவற்றை இரண்டுமே தின்னும். புழுவின் நிறத்தையும் விட்டுவிடலாம். ஒரே இனத்திலேயே பச்சை, மஞ்சள், பழுப்புப் புழுக்கள் உண்டு.

சேகரிப்புப் பெட்டியில் உள்ள மாதிரிகளில் வேறொரு ஏமாற்று நடக்கும். கொழுத்த வயிறுள்ள பூச்சிகளில் நாளடைவில் கொழுப்பு கசிந்து மஞ்சளைக் கருக்கிவிடும். பழைய ஸ்டிக்ஸ் லாக்கெசிஸாகத் தெரியும். அசிட்டோனில் ஊறவைத்து உலர்த்தினால் பெரும்பாலும் நிறம் மீளும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அருகில் அடுப்பு கூடாது.

இறக்கை தேய்ந்து செதிலே இல்லாத மாதிரிக்கு இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பது ஒரு வழி. வயிற்று நுனியைத் துண்டித்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் சூடாக்க வேண்டும். தசையும் கொழுப்பும் கரைந்து கடினப் பகுதிகள் மட்டும் மிஞ்சும். அவசரப்பட்டு எடுத்தால் கொழுப்பு ஒட்டி ஒன்றும் தெரியாது. மறந்துவிட்டால் மெல்லிய சவ்வுகளும் போய்விடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. வெட்டிய பகுதியில் மாதிரியின் எண்ணை அப்போதே இணைத்துவிடுங்கள். இரண்டு வயிறுகள் கலந்துவிட்டால் இரண்டு மாதிரிகளும் வீண்.

இன்னொரு வழி டிஎன்ஏ பட்டைக்குறி. அதற்குப் பூச்சியின் ஒரு கால் போதும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 எழுத்துக்கள் கொண்ட துண்டைப் படித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். காலை 95 சதவீத எத்தனாலில் போடலாம், உலர்த்தியும் வைக்கலாம். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து படிக்க முடியாமல் போகும். விடை வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: தரவுத்தளத்தில் பொருந்திய மாதிரிக்குப் பெயர் வைத்தவர் எதைப் பார்த்து வைத்தார் என்று தேடுங்கள். அங்கே பின்னிறக்கை தெரியும் படம் இருந்தால் அந்தப் பெயரை ஏற்கலாம். இல்லாவிட்டால் அக்கெரோன்ஷியா என்று மட்டும் எழுதி நிறுத்துவதே சரி.