கிரயம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓயாமல் காதில் விழும் சொல் கிரயம். சுத்தக் கிரயம், கிரயப் பத்திரம், கிரய ஒப்பந்தம் என்று பல வடிவங்களில் வழங்குகிறது. பத்திரங்களில் ‘கிரையம்’ என்றும் எழுதிவிடுகிறார்கள், அது பிழை.

வடமொழியில் ‘க்ரய’ என்றால் வாங்குதல், ‘விக்ரய’ என்றால் விற்றல். தமிழுக்கு வந்தபின் விற்பவர் எழுதித் தருவதே கிரயம் என்றாகிவிட்டது; ‘கிரயம் செய்து கொடுத்தார்’ என்கிறோம். வாங்குபவரின் செயலைக் குறித்த சொல்லில் வாங்குபவரே காணாமல் போனார்.

இதற்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் ‘விலையாவணம்’ என்கின்றன. அவற்றில் நிலம் விற்றவர்கள் ஆவணக்களரியில், அதாவது ஆவணம் எழுதிப் பதியும் இடத்தில், பொருளைக் ‘கைச்செலவறக் கொண்டு’, அதாவது முழுதும் பெற்றுக்கொண்டு, விலையாவணம் செய்து கொடுக்கிறார்கள். இந்த ஓலையே ‘பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை’, அதாவது பணம் முழுதும் தீர்ந்ததற்கான சீட்டு, வேறு சீட்டு காட்டத் தேவையில்லை என்றும் எழுதினார்கள். வாங்குபவர் விலையைத் தீர்த்தார் என்பது ஆவணத்துக்குள்ளேயே பதிவானது. கிரயப் பத்திரத்தைவிட விலையாவணம் பொருள் நிறைந்த சொல் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்றைய சட்டமும் அந்த இடத்திலேயே நிற்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55(5) வாங்குபவரின் கடமைகளைச் சொல்கிறது. முதன்மையானது, கிரயம் முடியும் நேரத்தில், முடியும் இடத்தில் விலையைச் செலுத்துவது. வில்லங்கம் இல்லை என்று சொல்லி விற்ற சொத்தில் அடமானக் கடன் இருந்தால், அந்தத் தொகையை விலையிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கடன் கொடுத்தவருக்குச் செலுத்தியாக வேண்டும். பிடித்ததைப் பத்திரத்தில் எழுதாமல் விடுவதால்தான் பின்னால் ‘பாக்கி தரவில்லை’ என்று வழக்கு வருகிறது. உரிமை மாறியபின் விலை நிலுவை இருந்தால், அந்தச் சொத்தின் மீதே விற்றவருக்குப் பொறுப்புரிமை, அதாவது பாக்கியைச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை, உண்டு.

பலருக்குத் தெரியாத கடமை இன்னொன்று. விற்பவருக்குத் தன் சொத்தில் உள்ள உரிமை பற்றி, அவரே அறியாத, மதிப்பைக் கணிசமாகக் கூட்டும் உண்மை ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். மறைப்பது மோசடியாகக் கருதப்படும்.

உரிமை கைமாறியதும் சேதமும் வரியும் வாங்கியவரைச் சேரும். மறுநாள் மழையில் சுவர் இடிந்தாலும், விற்றவர் காரணமாக இல்லையென்றால், இழப்பு வாங்கியவருக்கே. முத்திரைத் தீர்வையும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், அவருடையதே. தமிழ்நாட்டில் அது பொதுவாக 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. சொத்தின் மதிப்பு 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்து, விற்பவர் பெயரில் அரசுக்குக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருக்குத்தான். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 1 விழுக்காட்டு விதி பொருந்தாது.

பின்னர் விற்பதாக முன்கூட்டியே செய்துகொள்ளும் கிரய ஒப்பந்தத்தை ‘விற்பனை உடன்படிக்கை’ என்று எழுதலாம். அது மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் தராது. விற்பவர் மறுத்தால் நீதிமன்றத்தில் கிரயம் கேட்க, வாங்குபவர் தொடக்கம் முதல் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கில் இருந்த பணமோ கடன் ஒப்புதலோ, கெடுவுக்குள் அனுப்பிய அறிவிப்போ சான்றாகும். கெடு தேதி குறிப்பிட்டிருந்தால் அன்றிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.