இணையச் சதுரங்கத்தில் எதிராளியிடம் எப்படி நடந்துகொள்வது?

பத்து நிமிட ஆட்டத்தில் ராணி போய்விட்டது. கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம் மிச்சம். பிள்ளை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். ஆடவும் மாட்டான், விட்டுக்கொடுக்கவும் மாட்டான். எதிரே இருப்பவர், ஜொகூரிலோ பிரேசிலிலோ, அந்த ஆறு நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் எனக்கு, இணைய ஆட்டத்தில் மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இதுதான்.

இதே பிள்ளை சனிக்கிழமைப் போட்டியில் இப்படிச் செய்யமாட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பையனோ மலாய்ச் சிறுமியோ உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெரியும், முடிந்ததும் கைகுலுக்க வேண்டும். அந்தக் கைகுலுக்கலை விளையாட்டு உலகம் எவ்வளவு பெரிதாக மதிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சே போட்டியில் பல்கேரியாவின் செப்பாரினோவ், இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுக்குக் கைகொடுக்க மறுத்தார். நடுவர் அவர் தோற்றதாகவே அறிவித்துவிட்டார். மேல்முறையீட்டுக்குப் பிறகு ஆட்டம் புதிதாக நடந்தது, ஷார்ட் வென்றார். திரையில் அந்தக் கைகுலுக்கலுக்கு வழியில்லை. அதனால் மற்ற எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

தோற்கும் நிலையில் கடைசிவரை ஆடுவது தவறு என்று சொல்லமாட்டேன். தொடக்க நிலைப் பிள்ளைகள், ராஜா தப்ப வழியில்லாமல் மேட் ஆகும்வரை ஆடட்டும். எதிராளி அவசரப்பட்டு ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியற்றுப் போய் ஆட்டம் சமனில் முடியும் நிலை) ஆக்கிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆடுவதென்றால் ஆட வேண்டும், இல்லையென்றால் கொடிப் பொத்தானை அழுத்தி விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் காணாமல் போகக்கூடாது.

அதற்காக, காணாமல் போகிறவர் எல்லாரும் வேண்டுமென்றே போனவர்கள் என்று முடிவுகட்டவும் கூடாது. 2020 ஆகஸ்டில் நடந்த இணையச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து, கடிகாரத்தில் நேரம் தீர்ந்து தோற்றார்கள். உலகளவில் ஏற்பட்ட இணையத் தடங்கல்தான் காரணம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் ட்வார்கோவிச் இந்தியா, ரஷ்யா இரண்டு அணிக்கும் தங்கம் கொடுத்தார். அங்கேயே அப்படி என்றால் நம் வீட்டு வைஃபையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் எதிராளியின் கடிகாரத்தில் 15 வினாடி கூட்டிக்கொடுக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அவருடைய இணைப்பு தடுமாறுவது தெரிந்தால் அதை அழுத்தச் சொல்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் நட்பைக் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சாட் செய்வதில் குறைவாக இருப்பதே நல்லது. தொடங்கும்போது ஒரு வணக்கம், முடிந்ததும் ஒரு நன்றி, போதும். எதிராளி கைதவறி ராணியைக் கொடுத்த ஆட்டத்தில் ஜெயித்தவர் முந்திக்கொண்டு 'ஜிஜி' ('குட் கேம்' என்பதன் சுருக்கம்) போட்டால் அது குத்தலாகவே படும். நல்ல ஆட்டம் என்று தோற்றவர் முதலில் சொல்லட்டும். அடிக்கடி டிரா கேட்டு நச்சரிப்பதும் வேண்டாம். எதிராளியைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கும் ஃபிடே விதி 11.5, நியாயமில்லாத டிரா கோரிக்கைகளையும் அதில் சேர்த்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டுக் கொடியைப் பார்த்து ஏளனமாக எழுதுவதை என் வகுப்பில் அறவே அனுமதிப்பதில்லை.

தோற்றவுடன் 'நீ எஞ்சின் வைத்து ஆடுகிறாய்', அதாவது கணினி நிரலைக் கேட்டு ஆடுகிறாய் என்று எழுதுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. சந்தேகம் உண்மையாகவும் இருக்கலாம். அப்போதும் எதிராளியிடம் எதுவும் எழுதாதீர்கள். ரிப்போர்ட் செய்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். மோசடி உறுதியானால் இழந்த ரேட்டிங் புள்ளிகளைச் செஸ்.காமும் லிச்செஸும் திருப்பித் தருகின்றன. சந்தேகம் பொய்யாக இருந்தால், நன்றாக ஆடிய ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லியிருப்போம். என் மாணவி ஒருத்தி அப்படி ஏச்சு வாங்கிய பிறகு கொஞ்ச நாள் இணையத்தில் ஆடவே மறுத்தாள். அதுவரை அவள் ஆடியதில் மிக அழகான ஆட்டம் அது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. எதிராளியிடம் மரியாதையாக நடக்கச் சொல்லும்போதே, அவர் முன்பின் தெரியாதவர் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். நாலு ஆட்டம் ஆடியவர் எந்தப் பள்ளி, வாட்ஸ்அப் எண் என்ன என்று கேட்டால் பிள்ளை பதில் சொல்லக்கூடாது, உங்களிடம் வந்து காட்ட வேண்டும். காட்டினால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். லிச்செஸில் கிட் மோட் போட்டுவிட்டால் உரையாடல் வசதிகள் எல்லாம் அடைபட்டுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

பேசிப் பழகி ஆடும் ஆசையைப் பள்ளித் தோழர்களோடும், பினாங்கிலோ ஈப்போவிலோ இருக்கும் சித்தப்பா, மாமா பிள்ளைகளோடும் தீர்த்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும் போனில் அழைத்து, இருவரும் அதே ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து திருப்பிப் பார்த்து, எந்த இடத்தில் குதிரையை வேறு மாதிரி நகர்த்தியிருக்கலாம் என்று பேசிக்கொள்ளலாம். தோற்றவர் முதலில் பேசட்டும்.