மைக்ரோ ஆர்என்ஏவைத் தமிழ்ல எப்படி சொல்றது? மொழிபெயர்ப்ப எங்க நிறுத்தணும்?

மைக்ரோ ஆர்என்ஏங்கறது செல்லுக்குள்ள எந்தப் புரோட்டீன் எவ்வளவு உருவாகணும்னு கட்டுப்படுத்துற ஒரு குட்டி ஆர்என்ஏ. பெங்களூருல ஹெப்பாள் தாண்டி ஜிகேவிகே பக்கம் லேப்ல வேலை பாக்குற தமிழ் ஆளுங்க நாங்க பேச்சுல 'மிர்'னுதான் சொல்லுவோம், "அந்த மிர் அளவு ஏறியிருக்கா இறங்கியிருக்கா"ன்னு. எழுதுறப்போ மைக்ரோ ஆர்என்ஏ. தமிழ்ல கேட்டா குறு, சிறு, நுண்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஆனா எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா விஷயமே குழம்பிடும்.

மைக்ரோன்னா கிரேக்கத்துல சின்னது. பத்து லட்சத்துல ஒண்ணுங்கற அளவு கணக்கெல்லாம் இங்க இல்ல. இதுல இருக்கறது சுமார் 22 எழுத்து, அதாவது நியூக்ளியோடைடு. புரோட்டீன் செய்யறதுக்கான செய்தியக் கொண்டுபோற ஆர்என்ஏ பெரும்பாலும் ஆயிரக்கணக்குல எழுத்து, அதுல பொருந்துற இடத்துல இது போய் ஒட்டிக்கும், அந்தப் புரோட்டீன் உற்பத்தி குறையும்.

1993ல விக்டர் அம்ப்ரோஸ் குழுவும் கேரி ருவ்குன் குழுவும் ஒரு சின்னப் புழுவுல லின்-4ங்கற குட்டி ஆர்என்ஏவை வச்சு இத காட்டினாங்க (2024 நோபல் இவங்க ரெண்டு பேருக்கும்தான்). 2000ல அதே புழுவுல லெட்-7னு இன்னொண்ணு. ரெண்டுமே புழு எந்த நேரத்துல எந்தப் பருவத்துக்கு மாறணும்னு கட்டுப்படுத்துறதால அப்போ வச்ச பேர் 'சின்ன டெம்போரல் ஆர்என்ஏ', டெம்போரல்னா காலம் சார்ந்தது. அப்புறம் ஈ, மனுஷன்னு தேடத் தேட நிறைய வந்துச்சு, எல்லாத்துக்கும் பருவத்தோட சம்பந்தம்னு சொல்ல முடியல, அதனால 2001ல மூணு குழு ஒரே நேரத்துல போட்ட பேப்பர்கள்ல மைக்ரோ ஆர்என்ஏன்னு பேர் வந்து நின்னுடுச்சு.

இப்போ எச்எஸ்ஏ-மிர்-21-5பி-ன்னு ஒரு பேரை எடுத்துக்கோங்க. எச்எஸ்ஏன்னா மனுஷன், ஓஎஸ்ஏன்னா நெல். 21ங்கறது பதிவான வரிசை, அதனால 21க்கும் 22க்கும் சொந்தம் இருக்கணும்னு இல்ல, ஆனா எலிக்கும் மனுஷனுக்கும் அதே 21 இருந்தா அது ஒரே குடும்பம். மிர் வெட்டி எடுக்கப்படுற நீளமான முன்னோடி ஆர்என்ஏ கொண்டை ஊசி மாதிரி மடிஞ்சிருக்கும், அதோட ரெண்டு கையில எந்தக் கையிலேர்ந்து வெட்டி வந்ததுன்னு 5பி, 3பி சொல்லுது. முன்னாடி கம்மியா வர்ற கைக்கு நட்சத்திரக் குறி போடுவாங்க, ஆனா சில திசுவுல அந்தக் கைதான் ஜாஸ்தின்னு தெரிஞ்சதும் அது போயிடுச்சு. இங்கிலீஷ்ல எழுதுறப்போ மிர்ல ஆர் பெரிய எழுத்துன்னா (miR) வெட்டி முடிஞ்ச குட்டித் துண்டு, சின்ன எழுத்துன்னா (mir) முன்னோடி. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால 'முதிர்ந்த', 'முன்னோடி'ன்னு வெளிப்படையா எழுதியே ஆகணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க.

அளவு மட்டும் பாத்து பேர் வைக்கவும் கூடாது. சீக்வென்சிங் டேட்டாவுல, அதாவது ஆர்என்ஏவோட எழுத்து வரிசையப் படிச்ச டேட்டாவுல, 22 எழுத்துல ஒரு துண்டு கிடைச்சா அது டிஆர்என்ஏ (புரோட்டீன் செய்ய அமினோ அமிலம் கொண்டுவர்ற ஆர்என்ஏ) உடைஞ்ச துண்டாக்கூட இருக்கலாம். கொண்டை ஊசி முன்னோடி இருக்கா, முன்னோடிய வெட்டுற டைசர்ங்கற என்சைம் வெட்டின மாதிரி முனை சுத்தமா இருக்கான்னு பாத்துதான் மிர்னு சொல்லணும். நெல்லுல 24 எழுத்துல பெரிய குவியலே வரும், அதுல பெரும்பாலானது மிர் இல்ல, எஸ்ஐ ஆர்என்ஏ (siRNA), அது வேற வகை சிறு ஆர்என்ஏ.

அதனால நான் சொல்றது: இந்த மாதிரி குட்டி ஆர்என்ஏக்களோட மொத்தக் கூட்டத்துக்கும் சிறு ஆர்என்ஏ. அதுக்குள்ள மைக்ரோ ஆர்என்ஏவுக்கு மட்டும் நுண் ஆர்என்ஏ, நுண்ணுயிர்ல வர்ற அதே நுண், ஸ்கூல் பசங்களுக்கும் புரியும். எஸ்ஐ ஆர்என்ஏவுக்கு குறுக்கிடும் சிறு ஆர்என்ஏ. பிவி ஆர்என்ஏன்னு (piRNA) இன்னொரு வகை சிறு ஆர்என்ஏ இருக்கு, அதுல பிவிங்கறது (PIWI) ஒரு புரோட்டீனோட பேர், அத மாத்த வேண்டாம். மிர்-21, லெட்-7 மாதிரி தனிப்பேரையும் தொடவே கூடாது, டேட்டாபேஸ்ல தேடினா அந்தப் பேர்லதான் கிடைக்கும்.