சித்தப்பா உட்கார்ந்தால் மட்டும் அணையும் திரை

வாசகர் ஒருவரின் கேள்வி: “சித்தப்பா தட்டச்சு செய்யும்போது மட்டும் லேப்டாப் திரை பொசுக்கென்று அணைகிறது. நான் உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. கடையில் ‘பேனல் மாத்தணும்’ என்கிறார்கள். பாட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?”

எலுமிச்சம்பழம் ஜூஸுக்கு ஆகும், இருக்கட்டும். பேனலையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

முதலில் வழக்கமான சோதனைகள். எச்.டி.எம்.ஐ. கேபிளால் டிவியில் இணையுங்கள். அங்கே படம் நன்றாக வந்தால் கோளாறு திரைப் பக்கம்தான். அப்புறம், அணைந்த திரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. மூடியை அசைக்கும்போது மினுக்கினால் கீல் வழியே போகும் கேபிள் நைந்திருக்கலாம்.

ஆனால் ஆள் பார்த்து அணைகிற திரை? “சித்தப்பா கையில் என்ன போட்டிருக்கிறார்?” என்று கேட்டு எழுதினேன். பொருட்காட்சியில் வாங்கிய காந்தக் காப்பு, இடது கையில், ரத்த ஓட்டத்துக்காக என்று பதில் வந்தது.

மூடியை மூடினால் திரை அணைகிறதே, மூடியது லேப்டாப்புக்கு எப்படித் தெரிகிறது? பல மாடல்களில் மூடியின் ஓரச் சட்டத்துக்குள் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். மூடும்போது அது வந்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, அரிசி அளவில் ஒரு ஹால் சென்சார், காந்தம் பக்கத்தில் வந்ததை உணரும் உறுப்பு. சித்தப்பாவின் காப்பு அதற்கு மேலே வந்தாலும், மூடி மூடிவிட்டது என்றே லேப்டாப் நினைத்துக்கொள்ளும்.

மெல்லிய தகடு ஒன்றில் நீளவாக்கில் மின்சாரம் ஓடுகிறது என்று வையுங்கள். தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் வந்தால், ஓடும் எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த ஓரத்தில் நெரிசல், எதிர் ஓரத்தில் பற்றாக்குறை. நெரிசல் கூடக் கூட, அதுவே பின்னால் வருபவற்றைத் திருப்பித் தள்ளும். இரண்டு தள்ளலும் சமமாகும்போது, ஓரங்களுக்கிடையே துளி மின்னழுத்தம் நிற்கும். அதை அளந்தால் போதும், காந்தம் வந்துவிட்டது தெரியும். எதுவும் எதையும் தொடவில்லை, தேயவும் இல்லை.

இதைக் கண்டவர் எட்வின் ஹால், 1879இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது. காந்தம் கம்பியைத்தான் தள்ளும், அதில் ஓடும் மின்சாரத்தை அல்ல என்று, மின்காந்தக் கோட்பாட்டை வகுத்த இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லே எழுதியிருந்தார். ஹாலுக்கு அது சரியாகப் படவில்லை. கடைசியில் கண்ணாடிமேல் ஒட்டிய தங்க ரேக்கில் விளைவு சிக்கியது. எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன!

எனக்குப் பிடித்தது அந்த ரேக்குதான். தகடு மெலிய மெலிய, அதே மின்சாரத்தைச் சுமக்க எலெக்ட்ரான்கள் வேகமாக ஓட வேண்டும். வேகம் கூடினால் காந்தத்தின் தள்ளலும் கூடும். சிலிக்கான் போன்ற குறைகடத்தியில் மின்சாரத்தைச் சுமக்க ஆள் குறைவு, எனவே வேகம் இன்னும் அதிகம். இன்றைய சென்சார் வேலை செய்வது அதனால்தான். ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?’ என்று ஆய்வு நிதிப் படிவங்களில் ஒரு கட்டம் வைக்கிறார்களே, ஹால் அதில் என்ன எழுதியிருப்பார்? லேப்டாப் மூடி என்றா?

காப்பு விஷயம்: ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை, ஆனால் அது ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்ட இரும்பு, ஆணி போலக் காந்தத்தில் ஒட்டாது. மிக வலுவான காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் படுத்தவரின் ரத்தமே ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. சித்தப்பாவின் காப்பு உருப்படியாகச் செய்த ஒரே காரியம், லேப்டாப்பைத் தூங்கவைத்ததுதான்.

உங்கள் லேப்டாப்பில் சென்சார் எங்கே என்று பார்க்க, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை உள்ளங்கை வைக்கும் பகுதியின் ஓரமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் திரை அணையலாம். காந்தமே பக்கத்தில் இல்லாதபோதும் அணைந்தால் சென்சாரில் கோளாறு இருக்கலாம். பவர் அமைப்பில் மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று மாற்றிப் பாருங்கள்.

வாசகர் நேற்று எழுதியிருந்தார்: திரை இப்போது அணைவதில்லையாம். சித்தப்பா காப்பைக் கழற்றவில்லை, வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.