சப்செட் ஃபாண்ட் – எழுத்துரு உட்கணம்

ஒரு எழுத்துருவில் தேவையான வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால் மிஞ்சுவது சப்செட் ஃபாண்ட். பல மொழிகளில் பேச வேண்டிய நிறுவி மென்பொருள்களுக்கு இது அவசியம். வட்டில் எதுவும் ஏறாத நிலையில் நினைவகத்திலிருந்தே ஓடும் நிறுவிக்குள் எல்லா மொழிகளின் முழு எழுத்துருக்களையும் அடைக்க முடியாது. லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் நிறுவியில், படங்கள் இல்லாமல் எழுத்துகள் மட்டும் தெரியும் உரைமுறைத் திரைக்கு, மொழிபெயர்ப்புகளில் வரும் எழுத்துகளைத் திரட்டி, அவற்றுக்கான வடிவங்களை மட்டும் யூனிஃபான்ட் என்ற பன்மொழி எழுத்துருவிலிருந்து எடுத்தார்கள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ஃபாண்ட் என்பது உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈய அச்செழுத்துக் காலத்தின் எச்சம். சப்செட் கணிதத்தின் சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உட்கணம், இலங்கையில் தொடைப்பிரிவு. 'குறுக்கிய எழுத்துரு' என்றால் அகலம் குறைந்த எழுத்து என்று தோன்றும், 'சிற்றெழுத்துரு' என்றால் அளவு சிறியது என்று தோன்றும். எனவே எழுத்துரு உட்கணம் என்பதே என் தேர்வு.

சரி, எதன் உட்கணம்? சிக்கலே இங்கேதான். எழுத்துருவுக்குள் இருக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் ஆங்கிலத்தில் கிளிஃப் என்பார்கள். இந்தச் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் செதுக்குதல் என்று பொருள். தமிழ் இலக்கணத்தில் ஒலிவடிவம், வரிவடிவம் என்ற இணை ஏற்கெனவே இருப்பதால், கிளிஃபுக்கு வரிவடிவம் கச்சிதமாகப் பொருந்தும். யூனிகோடில் 'கு' என்பது க, உகரக் குறி என்ற இரண்டு குறியீடுகள். திரையில் தெரிவதோ ஒரே வரிவடிவம், அதற்கெனத் தனிக் குறியீடு கிடையாது. குறியீடுகளை மட்டும் கணக்கெடுத்து வெட்டினால் 'கு' காணாமல் போகும். எழுத்துருக்களை வெட்டும் ஃபான்ட்டூல்ஸ் போன்ற கருவிகள், எந்தக் குறியீடுகள் சேர்ந்தால் எந்த வடிவம் என்று எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்றீட்டு விதிகளையும் பின்தொடர்ந்து அந்த வடிவத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. டெபியனின் உரைமுறைத் திரைக்கு இப்படி வடிவம் சேர்க்கத் தெரியாது. தமிழில் நிறுவ வரைகலை நிறுவிதான் வேண்டும். அது 2007இல் டெபியன் 4.0உடன் வந்தது.

இன்னொன்று, செய்திகளில் உள்ள எழுத்துகள் மட்டும் போதாது. பயனர் தன் பெயரைத் தட்டச்சு செய்யும் இடத்தில், மொழிபெயர்ப்பில் எங்குமே வராத 'ஔ' தேவைப்படலாம். அது இல்லையென்றால் அங்கே வெற்றுக் கட்டம்தான் தெரியும். பல்லாயிரம் வடிவங்கள் உள்ள சீன எழுத்துருவை வெட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் யூனிகோடில் தமிழுக்கான முதன்மைத் தொகுதியின் 128 இடங்களில் 72 மட்டுமே நிரம்பியுள்ளன. இதில் வெட்டி மிச்சம் பிடிப்பது அற்பம். மொழிப் பட்டியல் திரைக்கென்றே தனியாக ஒரு எழுத்துரு செய்தால் மட்டும் தாராளமாக வெட்டலாம். அங்கே தமிழுக்குத் த, மி, ழ் இருந்தால் போதும்.