தேர்வாளர் வாக்கை யாருக்குக் கொடுப்பது? அமெரிக்க மாநிலங்களின் விதியும் கட்சிகளின் இரட்டை அளவுகோலும்

அமெரிக்க அதிபராக, மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் 538 வாக்குகளில் 270 வேண்டும். ஒரு மாநிலத்துக்கு எத்தனை வாக்கு என்பது அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது: நாடாளுமன்றக் கீழவையில் அதற்குள்ள உறுப்பினர் எண்ணிக்கையோடு அதன் 2 செனட்டர்களையும் (மேலவை உறுப்பினர்கள்) கூட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை எப்படிப் பங்கிடுவது என்பது மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில். வில்லங்கம் இங்கேதான்.

48 மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே மொத்தமும் போகும். மெய்னும் நெப்ராஸ்காவும் வேறு வழி. மாநிலத்தில் வென்றவருக்கு 2. மீதியில், கீழவைத் தொகுதி ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு 1. அதனால்தான் குடியரசுக் கட்சியின் கோட்டையான நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரத் தொகுதியின் ஒரு வாக்கு 2008இல் ஒபாமாவுக்கும் 2020இல் பைடனுக்கும் போனது. மெய்னில் 2016இலும் 2020இலும் டிரம்புக்கு ஒன்று கிடைத்தது.

எந்த முறை நியாயம்? கட்சிகளைக் கேட்டால் பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2007இல் ஜனநாயகக் கட்சியின் கோட்டையான கலிபோர்னியாவின் 55 வாக்குகளைத் தொகுதிவாரியாகப் பிரிக்கக் குடியரசுக் கட்சியினர் முயன்றார்கள். ஜனநாயகக் கட்சி கொதித்தது. அதே ஆண்டு வட கரோலினாவில் அதே ஜனநாயகக் கட்சியினர் அதே முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் தங்கள் வாதம் அடிபடும் என்று தேசியத் தலைமை தலையிட்ட பிறகே அது நின்றது. 2011இல் பென்சில்வேனியாவில் பிரிப்பதே நியாயம் என்ற குடியரசுக் கட்சியினர், 2024இல் நெப்ராஸ்காவில் பிரிக்கவே கூடாது என்றார்கள். நெப்ராஸ்கா மாற்றினால் நாங்களும் மாற்றுவோம் என்றார் மெய்ன் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒருவர்.

தொகுதிவாரி முறை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பல மாநிலங்களில் தொகுதி எல்லையை வரைவதும் அதே சட்டமன்றம்தான். 2012இல் வர்ஜீனியாவை வென்றவர் ஒபாமா. அடுத்த ஆண்டு அங்கே முன்வைக்கப்பட்ட மசோதாப்படி கணக்கிட்டால் 13இல் அவருக்கு 4தான் கிடைத்திருக்கும். வென்றவரைத் தோற்றவராக்கும் விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றமும் இதில் கைகொடுக்காது. மிச்சிகன் வழக்கில் 1892இலேயே, முறையைத் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே தடுக்கக்கூடியவர்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. 2024 செப்டம்பரில் நெப்ராஸ்கா முயற்சிக்குச் சட்டமன்றத்தின் 49 பேரில் 33 பேரின் ஆதரவு தேவைப்பட்டது. ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்த உறுப்பினர் மைக் மெக்டானல், தேர்தலுக்கு 43 நாள் இருக்கும்போது விதியை மாற்றக் கூடாது என்று மறுத்துவிட்டார். விதி அப்படியே நின்றது. நவம்பரில் ஒமாஹாவின் வாக்கு கமலா ஹாரிஸுக்கும் மெய்னின் ஒரு வாக்கு டிரம்புக்கும் போயின.