டர்போசார்ஜர்: சுழலிக் காற்றூட்டி

சிறிய கார்களின் துண்டறிக்கைகள் தமிழில் வருவது நல்ல சேதிதான். ஆனால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜரைச் ‘சுழல் மின்னேற்றி’ என்று அச்சடிப்பதை இனியும் பொறுக்க முடியாது. வேலூரில் ஒரு ஷோரூமில் அந்தத் தாளைப் படித்த பெரியவர், “இதையும் ராத்திரி சார்ஜ் போடணுமா தம்பி?” என்று கேட்டார். தெருவெங்கும் மின்சார ஸ்கூட்டர் ஓடும்போது அது நியாயமான கேள்வி.

டர்போ லத்தீன் சொல். பம்பரம், சுழல்காற்று என்று பொருள். டர்பைனும் அதன் வழி வந்ததே, தமிழில் சுழலி. எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை சுழலியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வம்பெல்லாம் சார்ஜில்தான். அதன் பழைய பொருள் சுமை ஏற்றுதல், நிரப்புதல். பீரங்கியில் கெட்டிக்கும் மருந்துக்கும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்றே பெயர். மின்சாரத்துக்கு அந்தச் சொல் போனது பிற்பாடு. எஞ்சினில் சார்ஜ் என்பது சிலிண்டருக்குள் நிரம்பும் காற்றும் எரிபொருளும். இதில் ‘மின்’ எங்கிருந்து வந்தது? அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்காத மொழிபெயர்ப்பு இது.

சிலர் ‘வேகமூட்டி’ என்கிறார்கள். பாதி சரி போலத் தோன்றுவதால் இது இன்னும் கெடுதல். ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டையே பாருங்கள். 2020 டிசம்பரில் அது வந்தபோது இரண்டு எஞ்சின். இரண்டுமே 999 சிசி, மூன்று சிலிண்டர். டர்போ இல்லாதது 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர் இழுவை. மேனுவல் கியர் டர்போவில் 100, 160. ஆரம்ப வேரியண்டில் டர்போ கிடையாது. மேலே போனால்தான் உண்டு. அந்தக் கூடுதல் காசுக்கு வாங்குவது காற்று. காற்று கூடுவதால் அதே சிலிண்டரில் கூடுதல் பெட்ரோல் எரிகிறது, திறன் கூடுகிறது. கொல்லன் துருத்தி நெருப்புக்குச் செய்வதும் இதைத்தான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இது புரிந்துவிடும். வண்டி நிறைய ஆள், மெதுவாகத் திரும்பும்போது புகை குறைவு, சுழலியும் மெதுவாகத்தான் சுற்றும். மிதித்தாலும் ஒரு கணம் கழித்துத்தான் பிக்கப் வரும். வேகமூட்டி என்று நம்பி வாங்கியவர் ‘வண்டியில் கோளாறு’ என்று மெக்கானிக்கிடம் போவார். காற்றை ஊட்டும் கருவி என்று தெரிந்தவர் கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் சுழலும் வேகத்தை, ஏற்றி வளைவைக் கடந்துவிடுவார்.

‘மிகையூட்டி’ பரவாயில்லை. ஆனால் எதை ஊட்டுகிறது என்று அது சொல்வதில்லை. சூப்பர்சார்ஜருக்கும் டர்போவுக்கும் உள்ள வேறுபாடும் அந்தச் சொல்லில் தெரியாது. சூப்பர்சார்ஜரும் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான், ஆனால் அதை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றும். டர்போவைச் சுழற்றுவது வீணாய்ப் போகும் புகை. அதனால்தான் சுழலிக் காற்றூட்டி என்கிறேன். எது சுற்றுகிறது, எதை ஊட்டுகிறது, இரண்டும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

காட்பாடி ஒர்க்‌ஷாப்பில் டர்போ என்றே சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை. அங்கே அந்தச் சொல்லால் யாரும் ஏமாறுவதில்லை. ஃபேனுக்கும் மிக்சிக்கும் டர்போ என்று பேர் வைத்து, ‘பலமானது’ என்பதைத் தவிர வேறு பொருளே இல்லாமல் செய்துவிட்டார்களே, அதுதான் வருத்தம். கார் துண்டறிக்கையில் தமிழுக்கு ஒரு வரி ஒதுக்குகிறவர்கள், ‘சுழலிக் காற்றூட்டி கொண்ட 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்’ என்று போடட்டும்.